வாய்ப்புற்றுநோய் ரிப்போர்ட்டில் உள்ள புரதக் குறியீடுகள்: எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை?

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் தன் கைபேசியை நம்மிடம் நீட்டினார். அவருடைய அத்தா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். மதுரையில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்திருந்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரிகளில் "பி53 பாசிட்டிவ், கி-67 40 சதவீதம்" என்று இருந்தது. மகன் அதை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். "ஹஜ்ரத், இது ரொம்ப வீரியமான புற்றுன்னு போட்டிருக்கு. இனிமே கத்தி வச்சு அத்தாவைக் கஷ்டப்படுத்தணுமா? துஆ செஞ்சுட்டு வீட்லயே வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

டாக்டரிடம் திரும்பப் போங்கள் என்றோம். ஆனால் வீட்டில் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். மூன்றரை மாதம் யாரோ கொடுத்த சூரணம் ஓடியது. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் மறுபடி மதுரைக்குப் போனார்கள். கன்னத்தோடு முடிந்திருக்க வேண்டிய அறுவை, தாடை எலும்பையும் கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுக்கும் அறுவையாகிவிட்டது.

நாம் மருத்துவர் அல்லர். ஆனால் இந்த மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருகிறவர்கள் இவர் ஒருவர் மட்டுமில்லை. அதனால் படித்தும், புற்றுநோய் மருத்துவர்களிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம்.

பட்டாசு ஊரில் இந்த நோய்

பட்டாசு ஆலைக்குள் பீடியோ தீப்பெட்டியோ கொண்டுபோக முடியாது. வாசலிலேயே சோதித்து வாங்கி வைத்துவிடுவார்கள். உயிரைக் காக்கும் விதி அது. ஆனால் புகைக்க முடியாத அந்த நேரத்தைக் கடத்தப் பலர் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், ராஜபாளையத்து மில் தொழிலாளர்கள் என்று இந்தப் பழக்கம் மாவட்டம் முழுக்க இருக்கிறது. தமிழகத்தில் குட்காவும் பான் மசாலாவும் 2013 மே மாதமே தடை செய்யப்பட்டன. எந்தப் பெட்டிக்கடையில் எந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும் என்பது சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும்.

"பட்டாசு மருந்துதான் காரணமா?" என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. அலுமினியப் பொடியும் கந்தகமும் தோலையும் மூச்சையும் பாதிப்பவை, அது தனிப் பேச்சு. வாய்ப்புற்றுக்கு நிரூபிக்கப்பட்ட முதன்மைக் காரணங்கள் புகையிலை, பாக்கு, மது. "நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டிமார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2004-இல் சேர்த்துவிட்டது. நிக்காஹ் மஜ்லிஸில் பாக்குத் தட்டை நீட்டும்போது இது நமக்கு நினைவில் வருவதில்லை.

2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,43,000 பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். உலகில் இந்த நோய் வருபவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டவர்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது?

புண்ணிலிருந்து எடுத்த சதைத் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டிக்குள் பதிக்கிறார்கள். அந்தக் கட்டியை 'பிளாக்' என்பார்கள். அதிலிருந்து தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். புற்றா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். சதை எடுத்தால் புற்று பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுத்தான் பலருக்கு நோய் முற்றுகிறது.

அடுத்த கட்டத்தைத்தான் ரிப்போர்ட்டில் ஐஎச்சி என்று போடுகிறார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தகட்டின் மேல் விடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு லேபிள் ஒட்டுவது என்றால் எளிதில் புரியும். குறித்த பெட்டியில் மட்டும் ஒட்டுகிற லேபிள் இது. ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். எத்தனை செல்கள் பழுப்பானவை, எவ்வளவு அழுத்தமாக ஆனவை என்று நோயியல் மருத்துவர் கணக்கிட்டு எழுதுகிறார். 'பாசிட்டிவ்' என்றால் அந்தப் புரதம் தெரிந்தது என்று மட்டும்தான் பொருள். கொரோனா காலத்திலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

பி53

1979-இல் கண்டறியப்பட்ட புரதம் இது. செல்லின் மரபணு சேதமானால் பிரிந்து பெருகுவதை நிறுத்தி வைப்பதும், சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவிடுவதும் இதன் வேலை. ஆரோக்கியமான செல்லில் பி53 உண்டாவதும் உடனே கரைவதுமாக இருக்கும், அதனால் சாயத்தில் பெரிதாகத் தெரியாது. இதன் மரபணு கெட்டுப்போனால், வேலை செய்யாத பி53 கரையாமல் செல்லுக்குள் தேங்கும். அப்போது பழுப்பு நிறம் அழுத்தமாக விழும். வேறு விதமாகக் கெட்டால் புரதமே உருவாகாது, தகடு வெறுமையாக இருக்கும். ஆக, 'பாசிட்டிவ்' வந்தாலும் கோளாறு இருக்கலாம், அறவே இல்லாமல் போனாலும் கோளாறு இருக்கலாம். இணையத்தில் தேடிய அந்த மகனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே, பாக்கும் புகையிலையும் அடக்கும் அதே இடத்தில் வரும் புற்றை இந்திய ஆய்வாளர்கள் மரபணு அளவில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து செய்த வேலை அது. அடிக்கடி கெட்டிருந்த மரபணுக்களில் பி53-க்கான மரபணுவும் இருந்தது. நம்மவர் வாய்ப்புற்றில் இது சகஜமாகக் காணப்படும் ஒன்று என்பதே இதன் பொருள். அதைப் பார்த்ததும் இவர் பிழைக்கமாட்டார் என்று முடிவுக்கு வருவது தவறு.

ஆயுளோடு தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 420 பேரின் கட்டிகளைப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம் பி53 மரபணு கெட்டிருந்தது. புரதத்தின் வடிவத்தையே குலைக்கும் வகையில் கெட்டிருந்தவர்களுக்கு, கெடாதவர்களைவிட இறப்பு அபாயம் சுமார் 1.7 மடங்கு. ஆனால் அவர்கள் மரபணுவின் எழுத்துகளைப் படித்துச் சொன்னார்கள். நம் ரிப்போர்ட்டில் இருப்பது வெறும் சாயம். சாயத்தை வைத்துச் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வாய்ப்புற்றில் பி53 சாயத்தைப் பார்த்து அறுவையையோ கதிர்வீச்சையோ மாற்றுவதும் வழக்கமில்லை.

மற்றவை

கி-67 என்பது செல் பிரிந்துகொண்டிருக்கும்போது காணப்படும் புரதம். 40 சதவீதம் என்றால், எண்ணிப் பார்த்த புற்றுச் செல்களில் நூற்றுக்கு நாற்பது பெருகும் நிலையில் உள்ளன என்று பொருள். "இன்னும் நாற்பது சதவீதம்தான் வாய்ப்பு" என்று ஒரு வீட்டில் இதை விளங்கிக்கொண்டு அழுதார்கள். எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்று வாய்ப்புற்றில் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது.

பி16 பற்றிக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அடிநாக்கு, டான்சில் பகுதியான தொண்டைப் புற்றில் இது உண்மையிலேயே பெரிய குறியீடு. ஹெச்பிவி என்ற வைரஸால் வந்த புற்றை இது காட்டிக்கொடுக்கும். 2010-இல் வெளியான ஆய்வில், வைரஸ் தொடர்புடைய தொண்டைப் புற்று வந்தவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 82 பேர், தொடர்பில்லாதவர்களில் 57 பேர். இதனால் தொண்டைப் புற்றை நிலை பிரிக்கும் முறையே பின்னர் மாற்றப்பட்டது. ஆனால் கன்னம், ஈறு, முன்நாக்குப் புற்றில் பி16-க்கு அந்த மதிப்பு இல்லை. அங்கே 'நெகட்டிவ்' வந்தால் கலங்கவும் வேண்டாம், 'பாசிட்டிவ்' வந்தால் நிம்மதிப் பெருமூச்சும் வேண்டாம்.

இஜிஎஃப்ஆர், பிடி-எல்1 இரண்டும் மருந்தோடு தொடர்புடையவை. செல்லை வளரச் சொல்லும் கட்டளையை வாங்கும் புரதம் இஜிஎஃப்ஆர். தலை, கழுத்துப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இது கூடுதலாகவே இருக்கும். பிடி-எல்1 என்பது, உடலின் காவல் செல்கள் தன்னைத் தாக்காமலிருக்கப் புற்று போட்டுக்கொள்ளும் முகமூடி என்று சொல்லலாம். நோய் திரும்பி வந்து, அறுவைக்கு வழியில்லாத நிலையில், சில விலை உயர்ந்த நோயெதிர்ப்பு மருந்துகளைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய இந்த அளவைப் பார்க்கிறார்கள். வாய்ப்புற்றில் சிகிச்சையின் திசையை மாற்றக்கூடிய மார்க்கர் என்று இன்று சொல்லத்தக்கது முக்கியமாக இதுதான்.

அந்த மருந்துகளின் விலையைக் கேட்டால் வீட்டுப் பத்திரத்தைத்தான் எடுக்கத் தோன்றும். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு, அல்ஹம்துலில்லாஹ். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குணப்படுத்தும் சிகிச்சைக்கு வழியில்லாத 151 நோயாளிகள் அந்த ஆய்வில் இருந்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டுக்குப் பின் இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர், இந்த மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 43 பேர். 2022-இல் வெளியான முடிவு இது. முற்றிய நிலையில் உள்ளவருக்கு டாக்டர் நோயெதிர்ப்பு மருந்து பற்றிப் பேசினால், "குறைந்த அளவில் கொடுக்கும் முறை இவருக்குப் பொருந்துமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இரத்தப் பரிசோதனையில் வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்கலாம், ஆயுளைச் சொல்லலாம் என்று பேக்கேஜ் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்புற்றுக்கு அப்படி நம்பத்தக்க இரத்த மார்க்கர் இன்றுவரை இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

ரிப்போர்ட்டின் கடைசி வரியை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள். கட்டியின் நீள அகலம், அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்து நெறிகளில் எத்தனையில் புற்று இருக்கிறது, நெறியின் உறையை உடைத்து வெளியே வந்திருக்கிறதா, வெட்டி எடுத்த ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா என்பவை அங்கே இருக்கும். 2018 முதல் பயன்பாட்டில் உள்ள நிலைப்பிரிப்பு முறையில் ஆழத்துக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். சின்னக் கட்டியானாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அடுத்த நிலைக்குப் போய்விடும், 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதற்கும் அடுத்த நிலை. கழுத்து நெறிக்குப் பரவியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பது புற்று மருத்துவர்களின் நெடுநாள் கணக்கு. எந்தப் புரதச் சாயமும் இதற்கு ஈடாக எதையும் சொல்வதில்லை.

கழுத்தில் கட்டி தெரியாதபோதும் ஏன் கழுத்தைத் திறக்கிறார்கள் என்று பலர் மனம் நோகிறார்கள். டாடா மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'குரூஸ் தலைமையில் இதையே ஆராய்ந்தார்கள், 2015-இல் வெளியானது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று நோயாளிகளில் ஒரு சாராருக்கு முதலிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். மறு சாராருக்கு நெறியில் புற்று தெரியவந்த பிறகு எடுத்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பின் முதல் சாராரில் நூற்றுக்கு 80 பேர் இருந்தார்கள், இரண்டாம் சாராரில் 67.5 பேர். தாமதித்த அந்த இளைஞரின் குடும்பம் இழந்தது இந்த வித்தியாசத்தைத்தான். நம் ஊரில் "தீபாவளி சீசன் முடியட்டும், கூலி வரட்டும்" என்று தள்ளிப்போடுவதும் உண்டு. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால் அதையும் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பார்கள். புண் ஆறட்டும், நோன்பு போகட்டும் என்று நாமாக நாள் குறிப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சதவீதமும் அஜலும்

"ஐந்தாண்டு உயிர்வாழ்வு 50 சதவீதம்" என்று டாக்டர் சொன்னால், இதே நிலையில் இருந்த நூறு பேரில் ஐந்தாண்டுக்குப் பின் ஐம்பது பேர் இருந்தார்கள் என்று பொருள். உங்கள் அத்தா அந்த ஐம்பதில் இவரா அவரா என்பதை அந்த எண் சொல்லாது, டாக்டரும் அப்படிச் சொல்வதில்லை. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் தவணை எழுதப்பட்டிருக்கிறது, எங்கே மரணிப்போம் என்பதை எவரும் அறியமாட்டார் என்பது நம் ஈமான். ஆகவே டாக்டர் சதவீதம் சொல்வதை மறைவான ஞானத்தில் தலையிடுவதாக நினைத்துக் கோபப்படத் தேவையில்லை. மேகத்தைப் பார்த்து மழை வரலாம் என்று சொல்வது போன்றதுதான் அது.

இதன் மறுபக்கம்தான் நம்மிடம் அதிகம் வருகிறது. "அஜல் எழுதியபடி நடக்கும், எதற்கு வைத்தியம்?" என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அல்லாஹ் இறக்கிய நோய்க்கெல்லாம் நிவாரணமும் இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ்கள் இருக்கின்றன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை பயானில் நூறு முறை சொல்லியிருக்கிறோம். ரிப்போர்ட் கையில் வரும்போது அது மறந்துவிடுகிறது.

நோயாளியிடம் மறைப்பது இன்னொரு பிரச்சினை. "அத்தாவுக்குத் தெரிய வேண்டாம், அல்சர்னு சொல்லியிருக்கோம்" என்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் முன்பணம் வாங்காத குடும்பம் குறைவு. கொடுக்க வேண்டிய கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹர், அமானிதமாக வைத்திருக்கும் நகை, இவையெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். வஸிய்யத் செய்ய ஏதாவது உள்ள முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரவுகளைக் கழிக்கக்கூடாது என்ற நபிமொழியை நிறைவேற்ற அவருக்கு வாய்ப்பு வேண்டாமா?

ஃபிக்ஹில் 'மரளுல் மவ்த்', அதாவது மரண நோய், என்று தனிச் சட்டம் இருக்கிறது. அந்த நிலையில் ஒருவர் செய்யும் நன்கொடை வஸிய்யத்தைப் போலவே மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் வீட்டை எழுதிக்கொடுத்தால் மற்றவர்களின் சம்மதம் தேவைப்படும். ஒரு நோய் அந்த வகையைச் சேர்ந்ததா என்பதில் சந்தேகம் வந்தால் நேர்மையான இரண்டு மருத்துவர்களின் சொல்லைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். மருத்துவரின் கணிப்புக்கு நம் முன்னோர் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் பாருங்கள். ஆரம்ப நிலைப் புற்றோடு வேலைக்குப் போய்வரும் ஒருவரை 'மரண நோயாளி' என்று எடுத்தவுடன் முத்திரை குத்த முடியாது. சொத்து விஷயத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரின் எழுத்தோடு உங்கள் ஊர் ஆலிமிடம் போங்கள்.

செய்ய வேண்டியவை

ரிப்போர்ட்டோடு டாக்டர் முன் உட்காரும்போது மகன்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசாமல், ஒருவர் எழுதி வைத்துக் கேளுங்கள். எந்த நிலை, ஆழம் எவ்வளவு, நெறியில் இருக்கிறதா, குணப்படுத்தும் நோக்கத்தில் சிகிச்சையா அல்லது வலியைக் குறைத்து நாளை நீட்டிக்கவா? புதிதாக ஒரு மார்க்கர் பரிசோதனை எழுதிக்கொடுத்தால், "இதன் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். மாறாது என்றால், அந்தப் பணம் போக்குவரத்துக்கும் கஞ்சிக்கும் உதவும். வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் பிளாக்கையும் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது.

மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இயங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றோடு உடனே விண்ணப்பிக்கலாம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்குச் சிகிச்சையோடு இன்னொரு உரிமையும் உண்டு. புற்றுநோய் போன்ற நீண்ட நோய்க்கு, இரண்டு ஆண்டு வேலையில் இருந்து சந்தாவும் சரியாகச் செலுத்தப்பட்டிருந்தால், கூலியில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டு வரை பெறலாம். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருந்தும் இதைக் கேட்டு வாங்கியவர்களை நாம் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறோம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள் தங்கள் பெயரில் பிடித்தம் நடக்கிறதா என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

நோய் வராதவர்கள் வீட்டில் ஒரு டார்ச்சை எடுத்துக் கண்ணாடி முன் நின்று கன்னம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பார்க்கலாம். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாதபடி வாய் குறுகுவது, இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இப்படி வாயைப் பார்த்ததில், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் வெளியிட்டார்கள். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800 112 356, கட்டணம் இல்லை.

அந்த இளைஞரின் அத்தா கதிர்வீச்சு முடித்து வீட்டில் இருக்கிறார். பேச்சு குழறுகிறது, கஞ்சியும் பழச்சாறும்தான் இறங்குகிறது. சென்ற வாரம் மகனை அழைத்து, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நோட்டில் எழுத வைத்திருக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு மதுரை போக வேண்டிய தேதியும் அதே நோட்டில் இருக்கிறது.